விஜில் என்றால் அரை மணித்தியாலம்

1

எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறுதோறும் வாசலில் ஓர் அறிவித்தல் தாள் தருவார்கள். போன கிழமை தந்த தாளில் என் கணவரின் பெயர் இருந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணி, விஜில் திருப்பலி, மரியதாஸ், முதலாம் ஆண்டு நினைவு. மரியதாஸில் ஓர் எழுத்தைத் தின்றிருந்தார்கள். அது பரவாயில்லை. இந்த நாட்டில் எங்கள் பெயர்களைத் தின்று தின்று அவர்களுக்கும் பழகிவிட்டது, எங்களுக்கும் பழகிவிட்டது. என் கண் போய் நின்றது அந்த விஜில் என்ற சொல்லில்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஆனி மாதத்தில் இங்கிலாந்தில் மாலை ஆறு மணி என்றால் வெயில் கண்ணைக் குத்தும். பூங்காவில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் வைக்கிற பூசைக்குத்தான் விஜில் என்று பெயர். ஞாயிறு காலையில் எழும்பப் பஞ்சிப்படுகிறவர்கள் சனி மாலையே கடன் பூசையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் உதைபந்தாட்டம் பார்க்கலாம்.

ஆனால் அந்தச் சொல்லின் பொருள் அது இல்லை. மகன் ஜெறோமின் பழைய பள்ளிக்கூட அகராதி இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. மற்றவர்கள் நித்திரை கொள்ளும் இரவு நேரத்தில், காவலுக்காகவோ செபத்துக்காகவோ கண்விழித்து இருத்தல் என்று அதில் போட்டிருக்கிறது. நாங்கள் கண்முழிப்பு என்று சொல்வோமே, அதேதான். அகராதி எழுதினவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை வைத்திருக்கிற சனம்தான் அதிலிருந்து இரவையும் கழற்றி, விழிப்பையும் கழற்றி, மிச்சத்தை அறிவித்தல் தாளில் போடுகிறது.

இந்தக் கோபம் எனக்குப் போன வருடம் வந்தது. ஒரு வருடம் ஆகியும் ஆறவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2

மரியதாஸ் பேசாலையில் பிறந்தவர். நான் இலுப்பைக்கடவைக்காரி. கலியாணம் கட்டித்தான் மன்னார்த் தீவுக்கு வந்தேன். இவர் மீசை முளைக்க முந்தியே தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கினவர். எல்லாம் இரவுத் தொழில். ஆனால் கடலில் ஒருநாளும் தனிமை தெரிந்ததில்லை என்று சொல்லுவார். வள்ளத்தில் நாலு பேர் இருப்பார்கள். கூப்பிடு தூரத்தில் அடுத்த வள்ளம். ஒருவன் பாட்டுப் படிப்பான். ஒருவன் பெண்சாதியோடு பட்ட சண்டையை முதலிலிருந்து சொல்லுவான். விடியக் கரைக்கு வரும்போது நாலு வீட்டுச் சங்கதியும் நாலு பேருக்கும் தெரிந்திருக்கும்.

இங்கே வந்த பிறகு கிடைத்ததும் இரவு வேலைதான். ஊரில் வோச்சர் என்போமே, அந்த வேலை. நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய பொருட்கிடங்கு. ஒரு கண்ணாடிக் கூடு, ஒரு கதிரை, எதிரே கமராப் படங்கள் ஓடுகிற திரைகள். விடியும்வரை ஒரு மனிதரையும் காணாமல் இருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். யாராவது வந்தால்தான் பிரச்சினை. இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கூட்டுக்குள் இருந்தார்.

எனக்கு முதியோர் இல்லமொன்றில் சமையலறை வேலை, விடியப்போய் மாலையில் வருவது. அவர் உள்ளே வர நான் வெளியே போவேன். வாசலில் சந்திப்போம். கறி எந்தச் சட்டியில் இருக்கிறது, ஜெறோமின் பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள், காஸ்காரன் வந்தானா, இவ்வளவுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. ஒருநாள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

“இராவிரவா அங்க என்ன செய்யிறனீங்கள்?”

“கதைப்பன்.”

“ஆரோட?”

“என்னோடதான். சிலவேளை அப்பாவோட.”

மாமா செத்து அப்போதே கனகாலம். இவருக்கு விசர் என்று சொல்லிச் சிரித்தேன். பிறகு பஸ்ஸில் ஏறி இருந்தபோது சிரிப்பு வரவில்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு இரண்டு வருடம் இரவில் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் விளக்கை அணைத்துப் படுத்தோம். அப்போதும் இவருக்கு நித்திரை வராது. பழக்கதோஷம். எழும்பிப்போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். நான் பேசுவேன். அந்த இரண்டு வருடம்தான் எங்களுக்குக் கிடைத்த நல்ல காலம்.

பிறகு நெஞ்சு நோவு வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார் தாதி. அவர் நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். விடியத் தொலைபேசி அடித்தது. கடைசி இரவும் தனியத்தான் போயிருக்கிறார்.

அன்றைக்கு எனக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். இந்த மனிதர் மண்ணுக்குள் போக முந்தி ஓர் இரவாவது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பெரிய பெட்டி வேண்டாம், பூவளையம் வேண்டாம், கறுப்புக் கார் வேண்டாம். ஓர் இரவு ஆட்கள் சுற்றிவர இருந்து, கண்விழித்து, கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

3

சாவைப் பதிகிற கந்தோருக்கு நானும் ஜெறோமும் போனோம். அங்கே இருந்த பெண்ணிடம் என் கணவர் எக்ஸ்பயர்ட் என்று சொன்னேன். ஊரில் மரியாதையாகச் சொல்வதென்றால் அப்படித்தானே சொல்வோம். அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் கணினியைப் பார்த்தார். வெளியே வந்ததும் ஜெறோம் மெதுவாகச் சொன்னான்.

“அம்மா, எக்ஸ்பயர்ட் எண்டு இஞ்ச பாலுக்குத்தான் சொல்லுவினம்.”

தொழில் என்ன என்று கேட்டார்கள். கடற்றொழில் என்றேன். கடைசியாகச் செய்த வேலையைத்தான் எழுத வேண்டுமாம். காவல் உத்தியோகத்தர், ஓய்வுபெற்றவர் என்று எழுதினார்கள். பிறகு அடக்கம் செய்வதற்கு ஒரு பச்சைக் கடதாசி. அதைக் கொண்டுபோனால் சவச்சாலைக்காரர் நாட்காட்டியைப் புரட்டினார். சேமக்காலையில் இடம் வேண்டும், பங்குச் சுவாமிக்கு நேரம் வேண்டும், வண்டி வேண்டும். மூன்று கிழமைக்கு முந்தி முடியாது என்றார். ஜெறோம் எல்லாவற்றையும் கைபேசியில் பதிந்துகொண்டு தலையாட்டினான். அவன் இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. காத்திருப்பதை ஒரு நல்ல பழக்கமாகப் படித்தவன். தகப்பனை நினைத்து அழுததும் காருக்குள் கதவைப் பூட்டிவிட்டுத்தான்.

பேசாலையில் இவருடைய தம்பி சவிரிமுத்து இருக்கிறார். அவருக்கு அன்றைக்கே தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

“எப்ப மச்சாள் அடக்கம்?”

“மூண்டு கிழமையாகும் தம்பி.”



“அதுவரைக்கும் அண்ணை எங்க இருக்கிறார்?”

“குளிர்ப்பெட்டியில.”

“பக்கத்தில ஆர்?”

தம்பி என்று மட்டும் சொன்னேன். சவிரிக்கும் விளங்கியது. அவர் பேச்சை மாற்றினார்.

மன்னார்க் கரையைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் அடுத்த நாள் அடக்கம். நடுவில் வருகிற அந்த ஓர் இரவு முழுக்க ஊர் அந்த வீட்டில்தான். சவத்தைத் தனிய விடக்கூடாது. தலைமாட்டில் மாறி மாறி ஒருவர் இருப்பார், மெழுகுதிரி அணையாமல் பார்க்க. உள்ளே பெண்கள் செபமாலையும் ஒப்பாரியும். வெளியே பந்தலுக்குள் ஆண்கள் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். கடதாசிக் கட்டை எடுக்காவிட்டால் எல்லோரும் நித்திரை கொண்டுவிடுவார்களே. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள் தேத்தண்ணீரும் பாணும் கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். விடியக் கோவில் மணி அடிக்கும். அதற்குப் பிறகுதான் இருந்தவர்கள் எழும்பி முகம் கழுவப் போவார்கள். அடக்கம் முடியும்வரை ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்காது.

மாமா செத்தபோது நான் கலியாணம் கட்டிப் புதிது. பந்தலுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு எனக்குச் சரியான கோபம். எட்டிப் பார்த்தால் மாமாவின் கூட்டாளி ஒருவர் கையில் கடதாசியை வைத்துக்கொண்டு, மாமா விளையாட்டில் எப்படியெல்லாம் அளாப்பி ஏமாற்றுவார் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மரியதாஸும் அதற்குள் இருந்து சிரிக்கிறார், கண்ணீர் வழிகிறது. செத்த வீட்டில் இதென்ன பழக்கம் என்று அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

“அப்பாவுக்குக் கேக்கட்டும். இல்லாட்டி எல்லாரும் போயிட்டினம் எண்டு நினைப்பார்” என்றார்.

இங்கே மூன்று கிழமை என்றதும் ஊரில் பெரிய வாக்குவாதமாம். தென்காற்று வீசுகிற சோளகக் காலம், வடகரையில் தொழில் நன்றாக நடக்கிற நேரம். மூன்று கிழமை வள்ளங்களைக் கட்டிவைத்தால் ஊரே பட்டினி. கட்டாமல் விட்டால் மரியாதை இல்லை. கடைசியில் கடற்றொழிலாளர் சங்கத்தில் கூடி, லண்டனில் அடக்கம் நடக்கிற அன்றைக்கு ஒருவரும் கடலுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நாங்கள் இருப்பது லண்டனும் இல்லை, மூன்று மணித்தியாலம் தள்ளி. ஊருக்கு எல்லாம் லண்டன்தான்.

4

அடக்கத்துக்கு முந்தின ஞாயிறு அறிவித்தல் தாள் வந்தது. பெட்டியைக் கோவிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள், இரவு கோவிலிலேயே இருக்கும், அடுத்த நாள் காலை பூசையும் அடக்கமும். மாலை ஆறரைக்கு விஜில் என்று போட்டிருந்தது. அப்போதுதான் அலுமாரியைத் திறந்து அகராதியை எடுத்தேன். இரவு நேரத்தில் கண்விழித்து இருத்தல். இந்த நாட்டுக்காரரைத் தேவையில்லாமல் குறைசொல்லிவிட்டேனே, இவர்களிடமும் இது இருக்கிறதே என்று நினைத்தேன்.

உடனே சவிரிக்கு எடுத்தேன்.

“தம்பி, கோவிலுக்க வைச்சு முழு இராவும் இருக்கப்போறம்.”

“உண்மையாவோ மச்சாள்?”

“ஓம். பேப்பரிலயே போட்டிருக்கினம்.”

“அப்ப இஞ்சயும் பந்தல் போட்டு, அண்ணையின்ர படத்தை வைச்சு நாங்களும் இருக்கிறம். நீங்கள் அங்க இருக்கேக்க நாங்கள் எப்பிடிப் படுக்கிறது?”

இவருடன் ஒன்றாகக் கடலுக்குப் போன எமில் அண்ணன் வேறொரு நகரத்தில் இருக்கிறார். அவருக்கும் சொன்னேன். அவர் பெண்சாதியையும் ஏற்றிக்கொண்டு கார் ஓடி வந்தார். அவர் பெண்சாதி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தா. நான் மூன்று சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணீர் ஊற்றினேன். குளிருக்கு இரண்டு போர்வை. கோவிலுக்குப் போகிறவர்கள் மாதிரி இல்லை, மடு மாதா திருவிழாவுக்குக் கூடாரமடிக்கப் போகிறவர்கள் மாதிரி இருந்தோம். காரிலிருந்து இறக்கும்போது ஜெறோம் பார்த்தான்.

“இதெல்லாம் என்னத்துக்கு அம்மா?”

“இராவைக்கு.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பெட்டி வந்துவிட்டது.

சுவாமி நைஜீரியாக்காரர், நல்ல குரல். ஒரு வாசகம், ஒரு சங்கீதம், செபமாலையில் பத்தே பத்து மணி, தீர்த்தம் தெளித்தார். என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். ஒரு சுவாமிக்கு மூன்று கோவில், அடுத்த கோவிலுக்கு ஓடவேண்டும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். வந்திருந்த அயலவர்களும் ஒவ்வொருவராகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் நாலு பேரும் முன்வாங்கில் வசதியாக இருந்தோம். எமில் அண்ணன் கோட்டுப் பையைத் தட்டி எனக்கு மெல்லக் காட்டினார். கடதாசிக் கட்டு.

அப்போது விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கோவிலைப் பூட்டித் திறக்கிற மொரீன் திறப்புக் கோர்வையோடு வந்து நின்றா. எண்பது வயது இருக்கும். மிகவும் பணிவாக, இனிப் பூட்ட வேண்டும் என்றா.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இது விஜில். நாங்கள் இருக்கப்போகிறோம்.

விஜில் முடிந்துவிட்டது என்றா மொரீன். இரவில் ஆட்களை உள்ளே விட முடியாது, காப்புறுதிக்காரர் விடமாட்டார்கள், அலாரம் போட வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் கணவர் தனியாக இல்லை, ஆண்டவர் கூட இருக்கிறார் என்று சொல்லி, பீடத்தின் சிவப்பு விளக்கைக் காட்டினா. ஆண்டவர் இருக்கிறார் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆண்டவர் முன்னூற்றிநாலு விளையாட மாட்டார்.

ஜெறோம் வந்து என் தோளில் கை வைத்தான்.

“அம்மா, விஜில் எண்டா இவ்வளவுதான். அரை மணித்தியாலம். அது ஒரு சேர்விசின்ர பேர்.”

“பேர் வைச்சா அதைச் செய்யவேணும்.”

“எல்லாருக்கும் இப்பிடித்தான் அம்மா.”

“எல்லாரும் இருபது வருசம் கண்ணாடிக் கூட்டுக்க இருக்கேல்லை.”

அவன் கைபேசியை எடுத்தான். சுவாமிக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தான். அது அடித்து அடித்து நின்றது. மொரீன் திறப்புகள் சத்தம் போடாதபடி கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்து நின்றா. அவவோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவவுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும், வயது போன மனுசி.

நான் பெட்டியில் கை வைத்தேன். பலகை குளிர்ந்து கிடந்தது. விடிய வாறன் என்று சொன்னேன். வேலைக்குப் போகும்போது வாசலில் அவர் சொல்லிவிட்டுப் போகிற சொல் அது.

கதவு பூட்டுகிற சத்தம் பின்னால் கேட்டது. வெளியே வந்தால் நல்ல வெயில். கோவில் வளவில் யாரோ புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரவே வராத ஒரு நேரத்தில் கண்விழிப்பை முடித்து அனுப்பிவிட்டார்கள். எமில் அண்ணனும் அக்காவும் கொஞ்சநேரம் என்ன செய்வதென்று தெரியாமல் காரடியில் நின்றார்கள். எமில் அண்ணனுக்கு நீரிழிவு, அடுத்த நாள் காலைக்குத் திரும்பவும் வர வேண்டும். அவர்களை வலுக்கட்டாயமாக அனுப்பினேன். ரோல்ஸ் பெட்டி என் கையில் சூடாகவே இருந்தது.

ஜெறோம் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டான். நான் மாட்டேன் என்றேன். தான் நிற்கவா என்றும் கேட்டான். அவனுக்குக் கைக்குழந்தை, மருமகள் தனிய. போ என்றேன். அவன் போனபிறகு, அவன் இன்னொரு தரம் கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன் என்று தோன்றியது. பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்கிற சொல்லுத்தான் விளங்குகிறது. சொல்லாதது விளங்குவதில்லை. அது அவர்களின் குற்றமும் இல்லை.

5

சமையலறை மேசையில் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, வீடியோவில் சவிரியை எடுத்தேன். இங்கே அப்போதுதான் பொழுது படுகிறது. ஊரில் சாமம் தாண்டிவிட்டது. எங்களுக்கும் அவர்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம்.

பந்தல் நிறைய ஆட்கள். மேசையில் இவருடைய படம், இரண்டு மெழுகுதிரி. காற்றுக்கு அணையாமல் சுற்றிவரத் தகரம் வைத்திருந்தார்கள். உள்ளே பெண்களின் செபமாலைச் சத்தம். ஒரு பக்கம் கடதாசி விளையாட்டு. யாரோ யாரையோ அளாப்பாதை என்று பேசுவது கேட்டது. சவிரியின் முகம் கைபேசிக்குக் கிட்ட வந்தது.

“மச்சாள், கோவிலுக்கயோ நிக்கிறியள்? அண்ணையை ஒருக்கால் காட்டுங்கோ.”

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். கைபேசியில் வெளிச்சம் காணாது, சார்ஜ் இல்லை, எத்தனையோ சொல்லலாம். ஆனால் அத்தனை பேர் அங்கே கண்விழித்துக்கொண்டு இருக்கிறார்கள். வாய் வரவில்லை.

“நான் வீட்டை நிக்கிறன் தம்பி. கோவிலைப் பூட்டிப்போட்டினம்.”

“அப்ப அண்ணையோட ஆர்?”

“ஒருத்தரும் இல்லை.”

அதைச் சொன்னதும் எனக்கு அடக்க முடியவில்லை. மூன்று கிழமை அழாத அழுகையெல்லாம் வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற ஊர் இது. சவிரி கைபேசியை விட்டு எழும்பிப் போனார். அவர் பந்தலுக்குள் ஏதோ சொல்லுவது கேட்டது. கடதாசிச் சத்தம் நின்றது. ஆட்கள் கதைத்தார்கள். பிறகு திரும்பி வந்தார்.

“மச்சாள், அழாதைங்கோ. அங்க விடியுமட்டும் நாங்கள் இஞ்ச இருக்கிறம்.”

“உங்களுக்கு முதலே விடிஞ்சிடும் தம்பி.”

“விடியட்டும்.”

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என்னை ஆற்றச் சொல்கிறார் என்று நினைத்தேன். கைபேசியைச் சார்ஜில் போட்டு மேசையில் அப்படியே விட்டேன். ஒரு போத்தலைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். ஒரு ரோல்ஸையும் தின்றேன். தனியே இருந்து ஒரு கூட்டத்துக்குச் செய்த சாப்பாட்டைத் தின்பது போல் கொடுமை வேறு இல்லை.

இங்கே வெளியே ஒரே இருட்டாக இருந்த நேரத்தில் பேசாலையில் வெளித்தது. கோவில் மணி அடித்தது. அந்தச் சத்தம் என் சமையலறைக்குள் கேட்டது. வழக்கமாக அந்த மணியோடு கதிரைகள் இழுபடும், ஆட்கள் கிணற்றடிக்குப் போவார்கள். நான் திரையைப் பார்த்தேன். ஒருவரும் எழும்பவில்லை. பெண்கள் அடுத்த செபமாலையைத் தொடங்கினார்கள்.

வெயில் ஏறியது. மெழுகுதிரிச் சுடர் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. யாரோ அதைக் கைவைத்து மறைத்துப் பார்த்து, எரிகிறது என்றார். பந்தல் நிழல் நகர நகர ஆட்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு நிழலோடு நகர்ந்தார்கள். அயல் வீட்டிலிருந்து பாணும் சம்பலும் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் படலையில் நின்று, பகலில் ஏன் இவ்வளவு ஆட்கள் என்று பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு கிழவர் கதிரையில் தலை சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார்.

“நித்திரை கொள்ளாதை. தாசின்ர இடத்தில இன்னும் இருட்டு.”

எனக்குப் பாவமாக இருந்தது. எல்லாம் வயது போனதுகள், இரவு முழுக்க இருந்ததுகள். அங்கே பட்டப்பகல், மணல் சுடத் தொடங்கிவிட்ட வெயில். யன்னலைப் பார்த்தேன். வானத்தில் ஓர் ஓரம் கொஞ்சம் சாம்பல் நிறம். போதும் என்று நினைத்தேன்.

“சவிரித் தம்பி, விடிஞ்சிட்டுது. எழும்புங்கோ எல்லாரும், போய்ப் படுங்கோ.”

“யன்னலைக் காட்டுங்கோ மச்சாள் பாப்பம்.”

கைபேசியை யன்னல் பக்கம் திருப்பினேன். சவிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தோளுக்கு மேலால் இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கடலில் விடியலைப் பார்த்தே காலம் கழித்தவர்களை ஏமாற்றப் பார்த்தால் முடியுமா.

“இல்லை மச்சாள். இன்னும் வெளிக்கேல்லை. நாங்கள் இருக்கிறம்.”

திரும்பவும் போய்க் கதிரையில் இருந்துவிட்டார்கள். கடதாசியைப் பிரித்துப் போட்டார்கள். யாரோ இவருடைய பெயரைச் சொல்லி ஏதோ கதை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கதை சரியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யன்னலுக்கும் திரைக்கும் நடுவில் நான் இருந்தேன், கையில் செபமாலை, ஒரு பக்கம் இருட்டும் ஒரு பக்கம் வெயிலும்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கூரையின் விளிம்பு தெரிந்தது. பிறகு ஓடுகள் தெரிந்தன. பிறகு தெருவில் நின்ற கார்களின் நிறம் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கைபேசியைத் தூக்கி யன்னலில் பிடித்தேன். சவிரி பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு பந்தலின் பக்கம் திரும்பினார்.

“சரி. அண்ணைக்கு விடிஞ்சிட்டுது.”

அதற்குப் பிறகுதான் அவர்கள் எழும்பினார்கள்.